இளைக்கும் கல்

காலையில் முந்நூறு கிராம் இருந்த கல், இப்போது இருநூற்று எழுபதுதான் இருந்தது.

"ரஃபத், மறுபடியும் பாரு. கண்ணை முள்ளுக்கு நேரா வச்சுப் படி."

"நேராத்தான் மிஸ் பார்க்கிறேன். கம்மியாத்தான் காட்டுது."

கிருபா டீச்சர் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். தலைமையாசிரியை அறையில் கல்வி அதிகாரி சீனிவாசன் டீ குடித்துக்கொண்டிருந்தார். அடுத்து ஆய்வகத்துக்குத்தான் வருவார். அவருக்குத் திருப்தியானால்தான், புதிதாக வந்திருக்கும் பிளஸ் டூவில் இந்த மேல்விஷாரத்துப் பெண்கள் பள்ளிக்கு இயற்பியல் பிரிவு கிடைக்கும். இல்லையென்றால் பிள்ளைகளின் படிப்பு பத்தாவதோடு சரி. வேலூருக்கு பஸ் ஏற்றி அனுப்ப எந்த வீட்டிலும் சம்மதிக்க மாட்டார்கள்.

சோதனையோ மிகச் சின்னது. ஒரு பொருளை வில்தராசில் தொங்கவிட்டு எடை பார்ப்பது. பிறகு தண்ணீரில் முழுக வைத்துப் பார்ப்பது. தண்ணீர் மேலே தள்ளுவதால் உள்ளே எடை குறையும். வெளியே எடுத்தால் பழைய எடைக்கே வந்துவிட வேண்டும்.

இந்தக் கல் வர மறுத்தது.

பள்ளியின் இரும்புக் குண்டு எங்கோ தொலைந்துபோனதால், "முழுகுற மாதிரி கெட்டியா எதனா கொண்டு வாங்கம்மா" என்று நேற்று கேட்டிருந்தாள். நசீமுன்னிசாதான் ஆசையாக இதைக் கொண்டுவந்தாள். புழுதி படிந்து கரடுமுரடாக இருந்தது.

"மண்ணு கரையுது, அதான்!" என்றாள் கிருபா. "கண்ணம்மா அக்கா, நார் போட்டு நல்லா தேய்ச்சுக் கழுவிட்டு வாங்க."

பள்ளிப் பணியாள் கண்ணம்மாள் வஞ்சனையில்லாமல் தேய்த்தாள். கல் சலவைக்கல்லாக வெளுத்தது. எடை இருநூற்று இருபது.

"விரல்ல கீறல் இருக்குது டீச்சரம்மா. இன்னா எரிச்சல்!"

அந்த அவதியிலும் கிருபா முதலுதவிப் பெட்டியைத் திறந்து அவள் விரலுக்கு மருந்து போட்டாள்.

"தண்ணி கலங்கிப்போச்சு. மாத்துங்க."

மாற்றினார்கள். இருநூறு.

"நாம அவசரப்படுறோம். கொஞ்ச நேரம் உள்ளேயே தொங்கட்டும்."

தொங்கியது. நூற்றைம்பது.

தராசை மாற்றினாள். புதுத் தராசு நூற்று நாற்பது என்றது.

"மிஸ், புத்தகத்துல இருக்கிற நம்பரையே எழுதிடலாமே?" ரஃபத் குரலைத் தாழ்த்தினாள். "அவருக்கு இன்னா தெரியப் போவுது?"

ஒரு கணம் கிருபாவுக்கும் சபலம் தட்டியது. கண்ணை மூடி மனசுக்குள் ஜெபித்தாள்.

"வேணாம்மா. பார்த்ததை எழுதுங்க. வர்றது வரட்டும்."

அதிகாரிதான் வந்தார். நோட்டுகளைப் புரட்டினார். புருவம் ஏறியது.

"முந்நூறு, இருநூத்தி இருபது, நூத்தி நாப்பது... எல்லாம் ஒரே கல்லா?"

"ஆமா சார்," என்றாள் கிருபா.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "போன இடத்துல எல்லாம், தராசைத் தொடாமலே புத்தகத்து நம்பரை எழுதி வச்சிருந்தாங்க டீச்சர். தப்பா வந்ததைத் தப்பாவே எழுதின பிள்ளைங்களை இங்கதான் பார்க்கிறேன். குரூப் குடுக்கச் சொல்லி எழுதிடுறேன். முதல்ல ஒரு நல்ல தராசு வாங்குங்க!"

அவர் படியிறங்கியதும் கிருபா ஸ்டூலில் சரிந்தாள்.

"கர்த்தருக்கு ஸ்தோத்திரம். ஆனா ரெண்டு தராசும் ஒண்ணா எப்படிக் கெட்டுது?"

நசீமுன்னிசா தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்தாள்.

"மிஸ், மிச்சத்தை எடுத்துட்டுப் போகட்டா? ஆட்டுத்தோலுக்குப் போட உப்பு கம்மியா இருக்குதுன்னு அத்தா காலையிலேர்ந்து ஒரே பேஜார்."