நூறு மில்லிசெகண்ட் பொறுக்காதவன்

இந்த வருஷம் கல்லறைக்குப் புல் வெட்டப் போறதில்லன்னு முடிவு பண்ணிட்டேன்.

என் தாத்தா கல்லறைன்னாகூடப் பரவால்ல. இது மாமனாரோட தாத்தா, அவரோட அண்ணன் தம்பிங்க, அவங்க பொண்டாட்டிங்க. மொத்தம் பதினோரு பேர். சாங்ஹுவா மலைச் சரிவுல வரிசையா, சௌகரியமா படுத்திருக்காங்க. வருஷா வருஷம் ஏப்ரல்ல குடும்பமே போய்ப் புல் வெட்டி, பத்தி கொளுத்தி, வீட்டு விஷயமெல்லாம் சொல்லிட்டு வரணும். சொல்லட்டும், நான் வேணாம்னா சொன்னேன்? என் கேள்வி ஒண்ணே ஒண்ணுதான். மச்சான் ஆ-ஹோங் கையில பெட்ரோல்ல ஓடுற புல்வெட்டி மெஷின் இருக்கு. என் கையில மட்டும் ஏன் அருவா? கேட்டா, "மெஷினுக்கெல்லாம் அனுபவம் வேணும்"ங்கறான். யார்கிட்ட? கர்னல்ல கை வச்சவன்கிட்ட!

கர்னல்னா கம்ப்யூட்டரை ஓட்டற புரோகிராமோட அடிமடி. லினக்ஸ் கர்னலை உலகம் பூரா இருக்கறவங்க மெயில்ல சண்டை போட்டுக்கிட்டே எழுதுறாங்க. நான் சின்ச்சு நகரத்துல ஆராய்ச்சி மாணவன். அஞ்சாவது வருஷம். சண்டை போடறதுல மட்டும் எப்பவோ டாக்டர் பட்டம் வாங்கிட்டேன். அந்தக் கர்னல்ல யென்-டிங்ங்கற என் பேர்ல ஒரே ஒரு மாத்தம் இருந்துச்சு. மூணு வரி. அடுத்த புதன்கிழமை ஒரு சிப் கம்பெனில இன்டர்வியூ. என் பயோடேட்டாவோட முதல் வரி அந்த மாத்தம்தான். கடைசி வரியும் அதுதான்.

என்ன மாத்தம்? லேப்டாப் டச்பேடை ஓட்டற டிரைவர்ங்கற புரோகிராம்ல யாரோ ஒரு புண்ணியவான், 'மூடியைத் திறந்ததும் நூறு மில்லிசெகண்ட் பொறு, அப்புறமா டச்பேட்கிட்ட பேசு'ன்னு எழுதி வச்சிருந்தான். எதுக்குப் பொறுக்கணும்? காரணம் எழுதல. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. பதினேழு மெயில் போட்டேன். அந்த டிரைவரைப் பாத்துக்கற பெரியவர் ஹால்வர்ட். நார்வேக்காரர். என் பதினேழாவது மெயிலுக்கு அப்புறம், "சரிப்பா, தூக்கிடு"ன்னாரு. தூக்கிட்டேன்.

புதுக் கர்னல் வெளிய வந்துச்சு. மறுநாள் பாதி உலகத்துல டச்பேட் செத்துப் போச்சு. லேப்டாப்பை மூடித் திறந்தா, விரலை வச்சுத் தேய்க்கத் தேய்க்க அம்புக்குறி அசைய மாட்டேங்குது. அந்த டச்பேடுக்குத் தூக்கம் கலைய நூறு மில்லிசெகண்ட் ஆகுமாம். எனக்கெப்படித் தெரியும்? என்கிட்ட அது சொல்லுச்சா?

ஹால்வர்ட் மெயில் போட்டாரு. "நேத்து வேலை செஞ்சது இன்னைக்கு வேலை செய்யல. ஞாயித்துக்கிழமைக்குள்ள சரி பண்ணு. இல்லேன்னா உன் மாத்தத்தையே எடுத்துடுவேன்." அங்க அதுதான் சட்டம். சாக்குப்போக்கு எடுபடாது.

வேற எவனா இருந்தாலும் அழுதிருப்பான். நான் நாற்காலியிலயிருந்து குதிச்சேன். கெடு ஞாயித்துக்கிழமை. கல்லறை சனிக்கிழமை!

என் பொண்டாட்டி ஷியூ-மான் லேப்டாப் கம்பெனில சோதனைப் பிரிவுல இருக்கா. காலைலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் மூடியை மூடித் திறந்து மூடித் திறந்து பாக்கறதுதான் அவ வேலை. அவகிட்ட முகத்தைத் தொங்கப் போட்டுக்கிட்டுப் போனேன்.

"இந்த வாட்டி ஊருக்கு வர முடியாது போலருக்கும்மா."

"ஏன்?"

"டச்பேட். உலகமே என்னை நம்பி இருக்கு."

"உலகமே உன்னைத் திட்டுதுன்னு எங்க லேப்ல பேசிக்கிட்டாங்களே?"

"திட்டுறதும் ஒரு நம்பிக்கைதான்."

"அப்பாகிட்ட என்ன சொல்ல?"

"மாப்பிள்ளை போர்முனையில இருக்காருன்னு சொல்லு."

"எப்ப முடியும்?"

"ஞாயித்துக்கிழமைக்குள்ள முடிஞ்சா என் அதிர்ஷ்டம். ரொம்பக் கஷ்டம்மா."

உண்மையைச் சொல்லிடறேன். வேலை பன்னெண்டு நிமிஷத்துல முடிஞ்சுது. எந்த டச்பேடுக்கு அந்தப் பொறுமை வேணுமோ அதுக்கு மட்டும் திருப்பிக் குடுத்தேன். புதன்கிழமை மத்தியானமே எழுதி, ஷியூ-மானோட பழைய லேப்டாப்ல ஓட்டிப் பாத்தேன். மூடினேன், திறந்தேன், அம்புக்குறி வழுக்கிக்கிட்டு ஓடுச்சு. அனுப்பல. ஞாயித்துக்கிழமை சாயங்காலம், கெடுவுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி, மூச்சு வாங்கற மாதிரி அனுப்பறதா திட்டம்.

அந்த சந்தோஷத்துல ஒரு தப்பு பண்ணினேன். எங்க ஊர்ல மெஷின் ஒழுங்கா நடந்துக்கணும்னா அது மேல பச்சைப் பாக்கெட் சோளப்பொரி ஒண்ணு வைப்போம். பேங்க்ல, ஆஸ்பத்திரில, ரயில்வேல, எங்கயும் இருக்கும். வேலை முடியற வரைக்கும் எவனும் அதைத் தொட மாட்டான். நான் அந்தப் பழைய லேப்டாப் மேல இருந்த பாக்கெட்டைப் பிரிச்சுத் தின்னுட்டேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் ஷியூ-மான் குப்பைக்கூடை பக்கத்துல நின்னா.

"பொரி பாக்கெட் எங்க?"

"எக்ஸ்பயரி ஆயிடுச்சு. போட்டுட்டேன்."

"திங்கக்கிழமைதான் வாங்கினேன்." கூடையிலயிருந்து காலிப் பாக்கெட்டை எடுத்து வெளிச்சத்துல பிடிச்சா. "அக்டோபர் வரைக்கும் இருக்கே."

"சரி, பசிச்சுது."

"பழுது தீராத மெஷின் மேல இருந்த பாக்கெட்டை, பசிக்குதுன்னு சாப்பிட்ட."

"ஆமா."

"நீ."

"ஆமாம்மா! நான் விஞ்ஞானம் படிச்சவன், எனக்கு இதுல நம்பிக்கை கிடையாது!"

"போன மாசம் சூப்பர்வைசர் பாக்கெட்டைத் தொட்டாருன்னு ஒன்றரை மணி நேரம் கத்தினியே?"

"அது வேற லேப்."

அவ கூடையை மூடிட்டுக் குளிக்கப் போயிட்டா. வாதத்துல ஜெயிச்சுட்டேன்னு நினைச்சேன். அஞ்சு வருஷக் கல்யாணத்துல அதுதான் முதல் தடவைங்கறதால, ஜெயிச்சா எப்படி இருக்கும்னு எனக்கு அடையாளம் தெரியல.

வெள்ளிக்கிழமை லீவு. மத்தியானம் மூணு மணி. ஷியூ-மான் பப்பாளிப் பால் குடிச்சுக்கிட்டே என்னமோ தட்டிக்கிட்டு இருந்தா.

"யாருக்கு மெயில்?"

"உன் ஹால்வர்டுக்கு."

"எந்த ஹால்வர்ட்?"

"நார்வேல உனக்கு எத்தனை பேரைத் தெரியும்? படிக்கறேன், கேளு. 'ஐயா, நானும் இந்த டச்பேடை வச்சுக்கிட்டு அவஸ்தைப்படறவ. இந்த மாத்தத்தை எழுதினவர் மூணு நாளா சரியா சாப்பிடல, வெறும் சோளப்பொரிதான். ஞாயித்துக்கிழமைக்குள்ள முடியாதுன்னு அவரே சொல்றார். பாவம், அவரை விட்டுடுங்க. அந்த மாத்தத்தை எடுத்துடுங்க. நான் எடுத்துட்டுச் சோதிச்சேன். அறுபது தடவை மூடித் திறந்தேன், அறுபது தடவையும் டச்பேட் முழிச்சுது.'"

"அனுப்பிடாத!"

"அனுப்பி அஞ்சு நிமிஷம் ஆச்சு."

"அடிப்பாவி! புதன்கிழமை இன்டர்வியூல நான் எதைக் காட்டுவேன்? என் முகத்தையா?"

"நீதானேப்பா கஷ்டம்னு சொன்ன?"

"கஷ்டம்னா முடியாதுன்னு அர்த்தமா?"

"உன் கஷ்டத்தை என்னால பாக்க முடியல." பப்பாளிப் பாலை உறிஞ்சினா. "மனசு கேக்கல."

ஓடினேன். பழைய லேப்டாப்பைத் திறந்தேன். புதன்கிழமை எழுதினதை அப்படியே எடுத்து அனுப்பினேன். கீழ, 'இப்பதான் முடிஞ்சுது, தயவுசெஞ்சு என் மாத்தத்தை எடுக்காதீங்க'ன்னு கெஞ்சி ஒரு வரி. ரெண்டே நிமிஷம். நெத்தியைத் துடைச்சேன்.

ஷியூ-மான் என் தோளுக்கு மேலயிருந்து எட்டிப் பாத்து, திரையில விரலை வச்சா.

"இது என்ன தேதி?"

கர்னலுக்கு எது அனுப்பினாலும் அதை எழுதின நாளும் நேரமும் தலையிலயே ஒட்டிக்கிட்டுப் போகும். புதன்கிழமை. பன்னெண்டு நாப்பது. மாத்தறதுக்கு ஒரே ஒரு கட்டளைதான், பச்சைக் குழந்தைக்கும் தெரியும். ஒரு நிமிஷம் பொறுத்திருந்தா நானும் மாத்தியிருப்பேன்.

"சாப்பாட்டு நேரம்" அப்படின்னா. "பொரி நல்லா இருந்துச்சா?"

ஹால்வர்ட் பதில் வந்துச்சு. ஊரே படிக்கற மெயில்ல. "தம்பி, இதைப் புதன்கிழமையே எழுதி வச்சிருக்க. பொறுக்க வேண்டிய இடத்துல நூறு மில்லிசெகண்ட் பொறுக்கல. அனுப்ப வேண்டியதை ரெண்டு நாள் அடக்கி வச்சிருக்க. அந்த அம்மா சொன்னபடி உன் மாத்தத்தை எடுத்தாச்சு. அறுபது தடவை சோதிச்சதுக்கு அவங்க பேரையும் போட்டாச்சு."

பதினெட்டாவது மெயில் எழுத உக்காந்தேன். ஷியூ-மான் லேப்டாப் மூடியை மெதுவா மூடினா.

"ஞாயித்துக்கிழமை வேலை இருக்கா?"

"இல்ல."

"சனிக்கிழமை?"

நான் மூடின லேப்டாப்பைத் தடவினேன்.

"முழுக்கைச் சட்டை எடுத்து வச்சுக்கோ. மலையில கொசு கடிக்கும்."

சனிக்கிழமை காலைல ஒம்பது மணி, சாங்ஹுவா மலை. ஆ-ஹோங் புது மெஷினை முடுக்கினான். நான் அருவாவோட ஏழாவது தாத்தா காலடியில குனிஞ்சிருந்தேன். மாமனார் பத்தியைக் கொளுத்தி, பதினோரு பேரையும் பாத்து வணங்கி, வருஷச் செய்தியை ஆரம்பிச்சாரு.

"பெரியவங்களே, நம்ம ஷியூ-மான் பேரு உலகத்துக் கம்ப்யூட்டர்ல எல்லாம் ஏறிடுச்சு. எங்களுக்கு ரொம்பப் பெருமை." அப்புறம் என் பக்கம் திரும்பினாரு. "உன் பேரும் இருக்குன்னு போன மாசம் சொன்னியே மாப்பிள்ளை, அதையும் சொல்லிடவா?"

"எடுத்துட்டாங்க மாமா."

மாமனார் திரும்ப கல்லறையைப் பாத்துக் கும்பிட்டாரு.

"மாப்பிள்ளை நல்லா புல்லு வெட்டறாரு."