கலரைச் சொல்லாதே, மாலிக்யூலைச் சொல்லு

பார்மசி படிக்கும் பிள்ளை என்று ஓர் இனம் இருக்கிறது. உங்கள் வீட்டில் இல்லாவிட்டால் பக்கத்து வீட்டில் இருக்கும். அங்கேயும் இல்லையென்றால் நாளைக்கே சொந்தத்தில் யாராவது ஒருவர் "பொண்ணுக்கு சீட் கிடைச்சிடுச்சு" என்று போன் செய்வார். தப்பிக்க வழியில்லை. பார்ப்பதற்குச் சாதுவாகத்தான் தெரியும். ஆனால் அதன் எதிரில் ஒரே ஒரு தும்மல் போட்டுப் பாருங்களேன்!

என்ன மாத்திரை போட்டீர்கள் என்று கேட்கும். நீங்கள் பெயரைச் சொன்னால் போதும், அட்டையைக் கையில் வாங்கிப் பார்க்க வேண்டிய அவசியம்கூட அதற்கு இல்லை. அந்த மருந்து வயிற்றில் எப்படிக் கரைகிறது, ரத்தத்தில் எப்படிக் கலக்கிறது, ஈரலுக்குப் போய் என்ன பாடு படுகிறது, கடைசியில் எந்த வழியாக வெளியேறுகிறது, வெளியேறும்போது யார் யாருக்கு என்னென்ன பக்கவிளைவுகளை வைத்துவிட்டுப் போகிறது என்று அது சொல்லி முடிப்பதற்குள் உங்கள் ஜலதோஷம் தானாகவே ஓடிவிடும். இதையும் ஒரு வைத்தியம் என்றே வைத்துக்கொள்ளலாம்.

இந்த இனத்துக்கு அச்சு அசல் உதாரணம் வேண்டுமென்றால் மூன்றாம் வருடம் படிக்கும் ஒரு பெண்ணைக் காட்டலாம். வாயைத் திறந்தால் ‘மாலிக்யூல்’ என்ற வார்த்தை வராமல் மூடமாட்டாள் என்பதால், கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் அவளுடைய அண்ணன் அவளுக்கு அந்தப் பெயரையே வைத்துவிட்டான். தலைவலி மாத்திரையைக் கடையில் விற்கும் பெயரில் கேட்பது மாலிக்யூலைப் பொறுத்தவரை நாகரிகமில்லாத காரியம்.

"கம்பெனி பேரச் சொல்லாதப்பா. உள்ள இருக்கற மருந்து பேரச் சொல்லு" என்பாள்.

மண்டையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அப்பாவின் வாயில் அது எங்கே நுழையும்? "வட்டமா இருக்குமே, அதக் குடு தாயே!" என்று கையெடுத்துக் கும்பிடுவார்.

அவளிடம் கேட்கவே கூடாத கேள்வி ஒன்று உண்டு. பெரியப்பா அதைத்தான் கேட்பார். வரும்போதெல்லாம் கேட்பார். செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே கேட்பார்.

"படிச்சு முடிச்சிட்டு மெடிக்கல் ஷாப்தானேம்மா?"

போச்சு. மாலிக்யூல் மூச்சை இழுத்துக்கொள்வாள். புது மருந்து தேடுகிற ஆராய்ச்சிக்கூடம் இருக்கிறது பெரியப்பா, மாத்திரை செய்கிற தொழிற்சாலை இருக்கிறது, செய்த மாத்திரை சொன்னபடி கரைகிறதா என்று சோதிக்கிற வேலை இருக்கிறது, ஆஸ்பத்திரியில் மருந்தாளுநராக இருந்து ஒரு மருந்தும் இன்னொரு மருந்தும் நோயாளியின் உடம்புக்குள் சண்டை போட்டுக்கொள்ளாமல் பார்த்துக்கொள்கிற வேலை இருக்கிறது, அரசாங்கத்தில் மருந்து ஆய்வாளர் வேலை இருக்கிறது, மேலே படித்தால் கல்லூரியில் பாடம் நடத்தலாம், ஒன்றுமே சரிப்படாவிட்டால் டை கட்டிக்கொண்டு டாக்டர்களின் வாசலில் பையோடு காத்துக்கிடந்து மருந்தை விற்கவும் செய்யலாம் என்று விரல் மடக்கி எண்ணி, தன் விரல்கள் போதாமல் பெரியப்பாவின் விரல்களையும் பிடித்து மடக்கி, ஒருவழியாக முடிப்பாள். பெரியப்பா கண்கொட்டாமல் கேட்பார். கேட்டுவிட்டு, "ரொம்ப சந்தோஷம். ஆமா, கடைய எந்தப் பக்கம் போடறதா உத்தேசம்?" என்பார்.

பாவம், அவள் கோபத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. கண்ணைக் கெடுத்துக்கொண்டு படிக்கிற பெண். வகுப்பில் முதல் வரிசை. கவுன்ட்டருக்குப் பின்னால் நின்று அட்டையைப் பார்த்து எடுத்துக் கொடுப்பதற்கா இத்தனை பாடு? அட்டையைப் பார்ப்பது யாரும் செய்கிற வேலை, அட்டைக்குள் இருப்பதை அறிவதுதான் படிப்பு என்பது அவள் கட்சி.

அந்த வீட்டில் அவளுக்கு இருந்த ஒரே ரசிகை அம்மா. மகள் பேசுவதில் பாதி புரியாது. புரியாததினாலேயே பெருமை இரட்டிப்பு. அண்ணன் கிண்டல் செய்தால், "உனக்கென்னடா தெரியும், அவ சொல்றது பூராவும் புஸ்தகத்துல இருக்கறது" என்று மல்லுக்கு நிற்பாள். அம்மாவுக்குக் கொஞ்ச நாளாக ரத்தக் கொதிப்பு. தினமும் காலையில் ஒரு வெள்ளை மாத்திரை. இந்த முறை மருந்து வாங்கியபோது கடையில் சிவப்பு மாத்திரையாகக் கொடுத்துவிட்டார்கள். பழைய வெள்ளையும் டப்பாவில் மிச்சம் இருந்தது. அம்மா இரண்டு அட்டைகளையும் எடுத்துக்கொண்டு மகளின் அறைக்கு வந்தாள். வீட்டிலேயே இவ்வளவு பெரிய படிப்பாளி இருக்கும்போது வேறு யாரிடம் போய்க் கேட்பாள்?

"ஏம்மா, இந்தச் செவப்பு போட்டா அந்த வெள்ளைய நிறுத்திடணுமா? இல்ல ரெண்டும் போடணுமா?"

மாலிக்யூல் லேப்டாப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஆனால் காது சுட்டுவிட்டது. சிவப்பாம், வெள்ளையாம்! சொந்த வீட்டிலேயே இப்படியா?

"அம்மா, மாத்திரைய கலர வச்சு சொல்லவே கூடாது. கலர்ங்கறது வெறும் மேல்பூச்சு. வெயில் படாம இருக்க, கசக்காம இருக்க, பாக்க அழகா இருக்க பூசறாங்க. ஒரே மருந்து ரெண்டு கலர்ல வரும். ஒரே கலர்ல ரெண்டு மருந்து வரும். இப்ப அந்தப் பூச்சையே எத்தன விதமா போடறாங்க தெரியுமா…"

பூச்சு வகைகள் வந்தன. பூசும் இயந்திரம் வந்தது. இயந்திரம் சுழலும் வேகம்கூட வந்தது. அம்மா நின்றுகொண்டே கேட்டாள்.

"அப்போ கலர் ஒரு பொருட்டே இல்ல?"

"இல்லவே இல்லம்மா."

"சரி சரி, நீ படி" என்று அம்மா தலையாட்டிவிட்டுப் போனாள். கலர் பொருட்டில்லையென்றால் எதையும் நிறுத்த வேண்டாம் போலிருக்கிறது என்று எடுத்துக்கொண்டு, மறுநாள் காலையிலிருந்து இரண்டையும் போட ஆரம்பித்தாள்.

மகள் சொன்னதில் ஒரு தப்பு கண்டுபிடியுங்கள் பார்ப்போம்! பரீட்சையில் எழுதியிருந்தால் முழு மார்க். கேட்ட கேள்விக்கு மட்டும்தான் அதில் பதில் இல்லை.

சில நாட்களில் அம்மா உட்கார்ந்து எழுந்தால் சுவரைப் பிடிக்க ஆரம்பித்தாள். "கண்ண இருட்டிக்கிட்டு வருது" என்றாள். மாலிக்யூலின் முகம் மலர்ந்தது. அம்மாவின் மேல் பாசம் இல்லாமல் இல்லை. போன செமஸ்டரில் வந்த கேள்வி அது, அவ்வளவுதான். எழுந்து நிற்கும்போது ரத்த அழுத்தம் சட்டென்று இறங்குவதற்கு ஒரு நீளமான பெயரைச் சொன்னாள். காரணங்களை அடுக்கினாள். தண்ணீர் குறைவாகக் குடிப்பது, தூக்கமின்மை, ரத்தசோகை, பிரஷர் மாத்திரையின் அளவு கூடிப்போவது. கடைசியாகச் சொன்னதையும் அவள் வாய்தான் சொன்னது. சொல்லிவிட்டு, "நெறைய தண்ணி குடிம்மா" என்று போய்விட்டாள்.

மறுநாள் அம்மா சமையலறையில் பாத்திரம் கழுவும் தொட்டியின் விளிம்பில் நெற்றி மோதி விழுந்தாள். சத்தம் கேட்டு ஓடிய மாலிக்யூலுக்குப் படித்தது எதுவும் ஞாபகம் வரவில்லை. ரத்தத்தைப் பார்த்து, "அம்மா… அம்மா…" என்று மட்டும் கத்தத் தெரிந்தது.

ஆஸ்பத்திரியில் நெற்றிக்குத் தையல் போட்டார்கள். பிரஷர் பார்த்த டாக்டரம்மா புருவத்தைச் சுருக்கினார்.

"ரொம்ப இறங்கியிருக்கே! என்ன மாத்திரை போடறாங்க?"

இந்தக் கேள்விக்காகவே பிறந்தவள் அல்லவா அவள்? மருந்தின் பெயர், அது ரத்தக்குழாயில் செய்கிற வேலை என்று மடமடவென்று ஆரம்பித்தாள். டாக்டரம்மா கையைக் காட்டி நிறுத்தினார்.

"பார்மசி படிக்கறீங்களா? நல்லது. அட்டை இருக்கா? அதப் பாத்துச் சொல்லுங்க."

அப்பா அவசரத்தில் அள்ளிக்கொண்டு வந்திருந்த டப்பாவை நீட்டினார். மாலிக்யூல் வெள்ளை அட்டையைத் திருப்பி, கம்பெனி பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் இருந்ததைப் படித்தாள். சிவப்பு அட்டையைத் திருப்பினாள். அதே பெயர். அதே அளவு. வேறு கம்பெனி. மறுபடியும் படித்தாள். எத்தனை முறை படித்தால் எழுத்து மாறும்?

கட்டிலில் படுத்திருந்த அம்மாவுக்கு மகள் பேசாமல் நிற்பது பொறுக்கவில்லை. நெற்றியில் கட்டோடு தலையைத் தூக்கி, டாக்டரம்மாவிடம் பெருமையாகச் சொன்னாள்:

"எம் பொண்ணுக்கு எல்லாம் தெரியும் டாக்டர். அவகிட்ட கேட்டுட்டுதான் ரெண்டையும் போட்டேன்."

மாலிக்யூல் அந்த இடத்திலேயே அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டாள். "நான் பாக்கவே இல்லம்மா… நீ காட்டினியே, நான் பாக்கவே இல்ல" என்றாள். அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "இதுக்கெதுக்குடி அழற, நீதான் அவ்வளவு நேரம் எடுத்துச் சொன்னியே" என்று தேற்றினாள். தினமும் காலையில் ஒற்றை மாத்திரையோடு அம்மா தேறி வீடு வந்து சேர்ந்தாள் என்பதையும் சொல்லிவிடுகிறேன், கவலை வேண்டாம்.

பார்மசி பிள்ளைகளே இப்படித்தான் என்று நீங்கள் சிரித்துக்கொண்டிருப்பீர்கள். சிரியுங்கள். நீங்கள் கணக்குப் பார்ப்பவராக இருக்கலாம், கட்டடம் கட்டுபவராக இருக்கலாம், வாத்தியாராக இருக்கலாம்; இந்த இனம் எல்லாத் துறையிலும் செழிப்பாக வளர்கிறது. நேற்றோ முந்தாநாளோ உங்கள் வீட்டில் ஒருவர் உங்களிடம் வந்து என்னமோ கேட்டார். நீங்களும் தலையைத் தூக்காமலே பிரமாதமாக ஒரு பதில் சொன்னீர்கள். அவர் "சரி சரி" என்று தலையாட்டிவிட்டுப் போனார்.

அவர் கேட்டது என்ன என்று ஞாபகம் இருக்கிறதா?