மீசைக்குக் கீழே பாதி விலை

அன்பு மாப்பிள்ளைக்கு,

உன் சின்னக்காவின் கணவனும் மெத்தைக் கடை முதலாளியுமான உன் அத்தான் எழுதிக்கொள்வது. இங்கே என்னைத் தவிர எல்லோரும் நலம். உன் நலத்தை விசாரிக்க மனம் வரவில்லை. ஆனாலும் முறை என்று ஒன்று இருப்பதால் விசாரித்ததாக வைத்துக்கொள்.

உன் பெரியக்காவின் கணவர், அதாவது என் சகலை, எனக்கு நேர் எதிரிலேயே மெத்தை விற்கிறார். அவருக்கும் நீதான் வெப்சைட் செய்தாய், எனக்கும் நீதான் செய்தாய். பிறகு ஏனப்பா இந்த ஓரவஞ்சனை? அவருடையதைப் போனில் திறந்தால் போனுக்குத் தக்கபடி ஒடுங்கி, ஆஃபர் முதலில் வந்து நிற்கிறது. கம்ப்யூட்டரில் திறந்தால் அகலமாக விரிந்து மெத்தையைத் தலையணையோடு காட்டுகிறது. மழை வந்தால் 'போர்வை இலவசம்' என்று தானாக மாறிக்கொள்கிறது. என்னுடையதைத் திறந்தால் என் முகம்தான் வருகிறது. தள்ளத் தள்ள என் முகம். நெற்றி முடிந்து, மூக்கு வந்து, மீசையையும் கடந்த பிறகுதான் 'பாதி விலை' கண்ணில் படுகிறது. அதுவரைக்கும் எவன் பொறுமையாகத் தள்ளுவான்? "படத்தைச் சின்னதாக்கணும் அத்தான், ஆஃபர் மேலே வரணும்"னு நீ தலைபாடா அடிச்சுக்கிட்டது உண்மைதான். "முதலாளி முகத்தைவிட ஆஃபர் பெரிசா?"ன்னு நான் கேட்டதும் உண்மைதான். அதுக்காக அப்படியே விட்டுவிடுவதா?

நேற்று கணவனும் மனைவியுமாக இருவர் என் கடை வாசலில் நின்று போனைப் பார்த்தார்கள். வாயெல்லாம் பல்லாக எழுந்து போனேன். அந்தம்மா போனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்து, "இவரேதாங்க!" என்றாள். "ஆளு கிடைச்சாச்சு, ஆஃபர் எங்கே?" என்று தேடிக்கொண்டே கணவன் எதிர்க்கடைக்குள் நுழைந்துவிட்டான். வயிறு எரிகிறது மாப்பிள்ளை, மறைக்க என்ன இருக்கிறது? உன் அக்கா வேறு ஜன்னலில் நின்றுகொண்டு, "அங்கே பாருங்க, எம்புட்டுக் கூட்டம்!" என்கிறாள். இப்படியே போனால் கடையை மூடிவிட்டு, அவரிடமே மெத்தை தூக்கும் வேலைக்குப் போக வேண்டியதுதான்.

அப்படி என்னதான் ரகசியம் என்று அவர் வெப்சைட்டைத் தினமும் திறந்து பார்த்தேன். "மறுபடியும் வந்தீர்களே, உங்களுக்காக இன்னும் குறைத்திருக்கிறோம்" என்கிறது. திறக்கத் திறக்கக் குறைக்கிறது. போதாததற்குத் தலையணையையும் சேர்த்தது. சொந்தச் சகலை என்னை ஒருநாளாவது இப்படி வாய் நிறைய வரவேற்றதுண்டா? ஆகவே, அவர் வெப்சைட்டையும் என்னுடையதைப் போல மரக்கட்டையாக்கிவிடு. இல்லையென்றால் இனி என் வாசலை மிதிக்காதே. என் படத்தில் மட்டும் கைவைக்கக் கூடாது.

பிள்ளைகளுக்கு முத்தம், உன் மனைவிக்கு ஆசி. உனக்கும் ஆசிதான், என் கோபம் தணிந்ததும் எடுத்துக்கொள்.

இப்படிக்கு,
வயிற்றெரிச்சலுடன்,
சின்ன அத்தான்

பி.கு.: மேலே எழுதியதை மறந்துவிடு. கடிதத்தை ஒட்டுவதற்குள் சகலை கடை ஆட்கள் ஒரு மெத்தையை இறக்கிவிட்டுப் போனார்கள். ஆமாம், வாங்கிவிட்டேன், அந்த விலைக்கு எனக்கே சரக்கு கிடைக்காது. படுத்ததுதான் தெரியும், அப்படி ஒரு தூக்கம். அவர் வெப்சைட்டைத் தொடாதே. என்னுடையதையும் அதே மாதிரி ஒடுங்கி விரிகிறதாக மாற்று. பழைய படத்தை எடுத்துவிடலாம். நான் அசந்து தூங்குவதை உன் அக்கா எடுத்த படம் இத்துடன் வருகிறது. அதைச் சின்னதாக்கி ஆஃபருக்குக் கீழே போடு. மெத்தை ஓரத்தில் சகலை கடைப் பெயர் தெரிகிறது. எந்தப் போனில் திறந்தாலும் அது மட்டும் தெரியாதபடி பார்த்துக்கொள்.