ஒரு போல்ட் மிச்சம்

ஞாயிற்றுக்கிழமை பந்தயத் தடத்தில் ஆபீஸ் மேனேஜரை முந்தியே தீருவது என்று சர்வேயர் திங்கட்கிழமை காலையிலேயே முடிவு கட்டிவிட்டார். பல் துலக்கிக்கொண்டிருக்கும்போது கட்டிய முடிவு. வாய் நிறைய நுரையோடு கண்ணாடியைப் பார்த்து, "விடமாட்டேன்!" என்றார். கண்ணாடி முழுக்க நுரை. அவர் முடிவு எடுத்துவிட்டுப் போய்விட்டார். துடைத்தது மனைவி.

சர்வேயர் என்றதும் நிலம் அளப்பவர் என்று நினைத்துவிட வேண்டாம். விபத்தில் நசுங்கிய கார்களைச் சுற்றிச் சுற்றி வந்து இன்சூரன்ஸ் கம்பெனிக்கு அறிக்கை எழுதுகிறவர். பதினெட்டு வருஷமாக அடுத்தவன் கார் ஏன் இடித்தது என்று எழுதி எழுதி, தன் கார் மட்டும் இடிக்காது என்ற நம்பிக்கை எப்படியோ வந்து ஒட்டிக்கொண்டது. காரில் எந்தப் பாகத்தைத் தொட்டுக் காட்டினாலும் டக்கென்று பெயர் சொல்வார். அதைக் கழற்றச் சொன்னால் மட்டும் அவருக்கு எங்கிருந்தாவது போன் வந்துவிடும்.

அவருடைய கார் பழசு. சிவப்பு. இரண்டே கதவு. பின் சீட்டில் உட்காருகிறவர் கால்களை வீட்டிலேயே வைத்துவிட்டு வர வேண்டும். ஆனால் ஒரு காலத்தில் பறந்த கார். மறுபடி பறக்க வைப்பதற்காக அதன் இன்ஜினைச் சூறாவளியிடம் கொடுத்திருந்தார். சூறாவளி ஒரு மெக்கானிக். அந்தப் பட்டப்பெயரை ஊர் வைக்கவில்லை. அவரே வைத்துக்கொண்டு, அவரே போர்டிலும் எழுதிக்கொண்டார்.

"சார், பிரிச்சு மேஞ்சு, புதுசாப் பொறந்த இன்ஜினா கையில குடுக்குறேன். ஸ்டார்ட் பண்ணீங்கன்னா தெருவே திரும்பிப் பாக்கும்" என்று சத்தியம் செய்திருந்தார்.

சொன்ன சொல் தவறவில்லை. கார் வீட்டுக்கு வந்த அன்று தெருவே திரும்பிப் பார்த்தது. எதிர் வீட்டு அம்மா மாடியில் காயப் போட்ட துணியை அள்ளிக்கொண்டு உள்ளே ஓடினார். அப்படி ஒரு நீலப் புகை.

மனைவி வாசலுக்கு வந்தாள்.

"என்னங்க, அது என்ன சத்தம், டொக்கு டொக்குன்னு?"

"பவர்."

"புகை?"

"அதுவும் பவர்தான். உள்ள இடம் பத்தலைன்னா வெளிய வரும்."

"கீழ எண்ணெய் ஒழுகுதே?"

"ஒழுகுதுன்னா உள்ள எண்ணெய் இருக்குன்னு அர்த்தம். இல்லாட்டி எப்படி ஒழுகும்?"

மனைவி அதற்கு மேல் பேசவில்லை. சர்வேயர் அதை வெற்றி என்று எடுத்துக்கொண்டார். கல்யாணமாகிப் பதினாலு வருஷமாகியும் அவள் மௌனத்துக்கு அர்த்தம் கண்டுபிடிக்காதவர் அவர் ஒருவர்தான்.

அவள் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். வயிற்றைத் திறந்த டாக்டர் அதை மூடுவதற்கு முன்னால், உள்ளே போன துணி எத்தனை, வெளியே வந்த துணி எத்தனை, கத்தரி, ஊசி எல்லாம் எத்தனை என்று எண்ணிச் சொல்வது அவள் வேலை. எண்ணிக்கை இடித்தால் எப்பேர்ப்பட்ட டாக்டரும் கையைத் தூக்கிக்கொண்டு அப்படியே நிற்க வேண்டியதுதான். அவள் "சரி" என்றால்தான் தையல். வீட்டிலும் அதே கதை. ஒரு ஸ்பூன் குறைந்தால் அன்றைக்குச் சமையலறை மூடாது.

அன்று சாயங்காலம் டீயைக் கையில் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"ஞாயித்துக்கிழமை போய்த்தான் ஆகணுமா?"

"ஆபீஸ் முழுக்கச் சொல்லியாச்சு. மேனேஜர் என்ன சொன்னார் தெரியுமா? என் வண்டி முதல் வளைவு தாண்டிட்டா, அவர் வண்டியைத் தள்ளிக்கிட்டே வீட்டுக்குப் போறாராம். எல்லாரும் சிரிச்சாங்க. டைப்பிஸ்ட்கூட சிரிச்சாங்க. அவங்க சிரிச்சு நான் பாத்ததே இல்ல."

"சரி, போங்க. ஒரு தடவை இன்ஜினைப் பிரிச்சுப் பாத்துட்டுப் போங்க."

"பிரிக்கிறதா? வேலை தெரிஞ்சவன் கை வெச்ச இன்ஜின் அது!"

"போன மாசம் அந்தத் தடத்துல இருந்து ஒருத்தரைத் தூக்கிட்டு வந்தாங்க. வேகமாப் போறப்ப இன்ஜின் இறுகிப் போச்சாம். தொடையில பதினோரு ஸ்க்ரூ. நான்தான் எண்ணிக் குடுத்தேன். உங்களுக்கும் என்னை எண்ண வெச்சுடாதீங்க."

கடைசி வார்த்தையில் அவள் குரல் கரகரத்தது. சர்வேயர் டீயைக் கீழே வைத்துவிட்டு, "சரிம்மா, போகல" என்று சொல்ல வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்து டைப்பிஸ்டின் சிரிப்பு ஞாபகத்துக்கு வந்து தொலைத்தது.

"விடமாட்டேன்" என்றார்.

மனைவி மறுபடி மௌனமானாள்.

புதன்கிழமை காலை. சர்வேயர் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது, மனைவி கையில் துடைப்பத்தோடு கார் ஷெட்டிலிருந்து வந்தாள்.

"என்னங்க, கார் பக்கத்துல பெருக்கினேன். இது உங்களுதா?"

உள்ளங்கையில் ஒரு போல்ட். கட்டைவிரல் தடிமன், சுண்டுவிரல் நீளம். பளபளவென்று இருந்தது.

சர்வேயர் அதை வாங்கிப் பார்த்தார். காரைப் பார்த்தார். மறுபடி போல்ட்டைப் பார்த்தார். பெயர் சொல்லத் தெரியாத ஒரு பாகத்தை வாழ்க்கையில் முதல்முறையாகச் சந்திக்கிறார். உடனே சூறாவளிக்குப் போன் போட்டார்.

"ஒரு போல்ட் மிஞ்சியிருக்கு!"

"ஒண்ணுதானா சார்? சந்தோஷப்படுங்க. சில வண்டிக்கு ஒரு டப்பாவே மிஞ்சும்."

"இது எங்க போகணும்?"

"எங்கயாவது போகும் சார்."

"எங்கயாவதுன்னா?"

"கம்பெனிக்காரன் பயந்தவன் சார். எல்லா இடத்துலயும் ரெண்டு ரெண்டு எக்ஸ்ட்ராவா மாட்டி விட்டுருவான். ரேஸ் வண்டிக்கு வெயிட் குறையணும் இல்ல? நாமதான் பாத்துப் பாத்துக் குறைக்கணும்."

சர்வேயர் போனை வைத்தார். முகம் சிவந்தது. பதினெட்டு வருஷத்தில் எத்தனை அறிக்கையில் "பராமரிப்பில் அலட்சியம்" என்று எழுதியிருப்பார்! அந்த அலட்சியம் குரல் வந்து பேசி இன்றுதான் கேட்கிறார்.

இரண்டாவது முடிவு அங்கேயே பிறந்தது. ஆபீஸுக்கு நாலு நாள் லீவு சொன்னார். சட்டைக் கையை மடித்துவிட்டார். "நானே பிரிக்கிறேன். இந்தப் போல்ட்டோட இடத்தைக் கண்டுபிடிக்காம விடமாட்டேன்!"

"ஐயோ, நீங்களேவா?" என்றாள் மனைவி. சொல்லி வாய் மூடுவதற்குள் ஷெட்டில் பழைய வெள்ளைப் போர்வை விரிந்திருந்தது. அதன் மேல் வரிசையாகத் தட்டுகள். ஒவ்வொரு தட்டிலும் நம்பர் ஒட்டியிருந்தது. கார் கம்பெனி கொடுத்த தடிப் புத்தகம் ஸ்டூல் மேல் தயாராக இருந்தது. அவள் கையில் உறைகூட மாட்டியாகிவிட்டது. இவ்வளவும் இரண்டு நிமிஷத்தில் எப்படி ஆனது என்று சர்வேயர் யோசித்திருக்கலாம். அவர் முடிவெடுத்திருந்ததால் யோசிக்க நேரமில்லை.

"கழட்டுறது ஒவ்வொண்ணையும் என் கையில குடுங்க. நான் எண்ணி வைக்கிறேன்."

முதல் நாள் முழுக்கப் புத்தகத்தைப் பார்த்துப் பார்த்துக் கழற்றினார். நாலு விரலில் காயம். ஒவ்வொன்றுக்கும் அவளே கட்டுப் போட்டு, கட்டையும் எண்ணிக்கொண்டாள். மறுநாள் இன்ஜினுக்கு அடியில் எண்ணெய் நிற்கும் தொட்டியைக் கழற்றினார். உள்ளே கறுப்பாக என்னவோ சுருண்டு கிடந்தது. மனைவி இடுக்கியால் அதைத் தூக்கிப் பிடித்தாள். சொட்டச் சொட்ட ஒரு துணி. கை துடைத்த துணி.

"இது உள்ளயே வெச்சு மூடியிருக்கார்" என்றாள் மெதுவாக. "எங்க தியேட்டர்ல இப்படி நடந்தா பேப்பர்ல போட்டோவோட வந்துரும்."

எண்ணெய் உறிஞ்சும் வலையைப் பார்த்தார். பாதிக்கு மேல் அடைப்பு. ஒழுகாமல் இருக்க ஓரத்தில் தடவ வேண்டிய பேஸ்ட்டை சூறாவளி சுவருக்குப் பூசுகிற மாதிரி அப்பியிருந்தார். பிதுங்கியதெல்லாம் உள்ளே விழுந்து வலையை அடைத்திருந்தது. பிஸ்டனை வெளியே எடுத்தார். அதைச் சுற்றியிருந்த ரிங்கில் "மேல்" என்று கண்ணுக்குத் தெரிகிற மாதிரி குறி போட்டிருந்த பக்கம் கீழே பார்த்துக்கொண்டிருந்தது. ஒன்றிலாவது சரியாக இருக்குமா என்று நாலையும் பார்த்தார். நாலும் தலைகீழ். நீலப் புகை எங்கிருந்து வந்தது என்று புரிந்தது. இரண்டாவது பிஸ்டன் தண்டின் அடியைப் பிடிக்கும் மூடி மூன்றாவதில் இருந்தது. மூன்றாவதுடையது இரண்டாவதில் இருந்தது. டொக்கு டொக்கும் புரிந்தது.

சர்வேயர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். இந்த இன்ஜினை நம்பித்தான் ஞாயிற்றுக்கிழமை முழு வேகத்தில் முதல் வளைவுக்குள் போக இருந்தார். அந்தப் பதினோரு ஸ்க்ரூ மனிதரின் தொடை ஞாபகம் வந்தது. தன் தொடையைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

"ஏம்மா."

"சொல்லுங்க."

"நீ அந்தப் போல்ட்டைப் பாக்காம இருந்திருந்தா..."

அவள் ஏனோ வேறு பக்கம் திரும்பித் தட்டுகளை எண்ண ஆரம்பித்தாள்.

ஆனால் மனிதர் அசரவில்லை. இதுவரை வாயால் மட்டும் முடிவெடுத்தவர், இப்போது கையால் எடுத்தார். கடைக்கு ஓடிப் புது ரிங், புது பேரிங் வாங்கி வந்தார். வலையைக் கழுவினார். குறி பார்த்தார், திரும்பவும் பார்த்தார், அவளையும் பார்க்கச் சொன்னார். எந்தப் போல்ட்டை எவ்வளவு இறுக்க வேண்டும் என்று புத்தகத்தில் இருந்ததோ அவ்வளவுதான் இறுக்கினார். பேஸ்ட்டைப் பொட்டு வைக்கிற மாதிரி அளவாக வைத்தார். ஒவ்வொரு தட்டும் காலியாகக் காலியாக அவள் "சரி" சொன்னாள். அந்தச் "சரி" ஒவ்வொன்றும் அவருக்குக் கைதட்டல்.

சனிக்கிழமை நாலு மணிக்குச் சாவியைத் திருப்பினார். இன்ஜின் உறுமியது. புகை இல்லை. டொக்கு இல்லை. தரையில் ஒரு சொட்டு இல்லை. எதிர் வீட்டு அம்மா மாடியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, துணியைக் கொடியிலேயே விட்டுவிட்டுப் போனார்.

சர்வேயருக்குக் கண் கலங்கியது. இறங்கி வந்தார். அப்போதுதான் பார்த்தார். போர்வையின் நடுவே, எல்லாத் தட்டும் காலியான பிறகும், தன்னந்தனியாக அந்தப் போல்ட்.

"இது எங்க போகணும்?" என்றார்.

"தெரியலையே."

"எண்ணிக்கை?"

"எல்லாம் சரியா இருக்கு. இது ஒண்ணுதான் அதிகம்."

சர்வேயர் ஸ்பேனரை எடுத்தார்.

"என்ன பண்றீங்க?"

"திரும்பப் பிரிக்கப் போறேன்."

"ஐயோ, வேணாங்க!"

"எண்ணிக்கை சரியா வராம எப்படி மூடுறது? ராத்திரி பகல்னு பாக்க மாட்டேன். இன்னொரு தடவை இல்ல, பத்துத் தடவை பிரிப்பேன். விடமாட்டேன்!"

மனைவி அவருடைய கட்டுப் போட்ட விரல்களைப் பார்த்தாள். மனசு கேட்கவில்லை. ஸ்பேனரைப் பிடித்துக்கொண்டாள்.

"அது உங்க இன்ஜின் போல்ட்டே இல்லங்க."

"பின்ன?"

"ஆஸ்பத்திரிக் கட்டிலோடது. ரிப்பேருக்குன்னு ஓரமாப் போட்டிருந்தாங்க. நான்தான் கழட்டிட்டு வந்தேன்."

"கட்டிலா?"

"பிரிச்சுப் பாருங்கன்னு வாயால சொன்னா கேட்டீங்களா? நீங்க அந்த இன்ஜினோட போறதை நினைச்சு எனக்குத் தூக்கமே வரல. அதான்."

சர்வேயருக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. நாலு நாள்! நாலு விரல்! ஒரு கட்டிலுக்காக! ஆனால் ஏறின கோபம் அங்கேயே நின்றது. ஏனென்றால் அதைவிடப் பெரிய ஒரு விஷயம் மண்டையில் பளிச்சென்று அடித்தது.

"அப்போ... இன்ஜின்ல ஒரு குறையும் இல்ல!"

"இல்ல."

"எல்லாம் சரியா இருக்கு!"

"நானே எண்ணினேன்."

"அப்போ நாளைக்கு மேனேஜர் தள்ளிக்கிட்டுத்தான் வீட்டுக்குப் போகணும்!" ஸ்பேனரைத் தூக்கிப் போட்டுப் பிடித்தார். "நீ போல்ட் வெச்சு என்னைத் தடுக்கப் பாத்தே. கடைசியில எனக்கு இன்ஜினையே சரி பண்ணிக் குடுத்துட்டே. ஏமாந்தது யாரு? சொல்லு, யாரு?"

மனைவி ஸ்டூல் மேலிருந்த தடிப் புத்தகத்தை எடுத்தாள். நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் ஏற்கெனவே ஒரு துண்டு பிளாஸ்திரி ஒட்டியிருந்தது.

"இதைக் கொஞ்சம் சத்தமாப் படிங்க."

சர்வேயர் உற்சாகமாக ஆரம்பித்தார். "புதிய ரிங்குகள் பொருத்திய இன்ஜினை, முதல் ஆயிரம் கிலோமீட்டர் வரை, மணிக்கு ஐம்பது கிலோமீட்டருக்கு மேல்..." குரல் இறங்கிக்கொண்டே வந்தது. "...ஓட்டவே கூடாது."

"புதன்கிழமை நீங்க முதல் போல்ட்டைக் கழட்டினப்பவே பந்தயம் முடிஞ்சுபோச்சுங்க."

"சூறாவளி இதைச் சொல்லவே இல்லையே!"

"அவர் விட்டது இது ஒண்ணுதானா?"

சர்வேயர் போர்வையில் உட்கார்ந்தார். அவளும் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அவிழ்ந்திருந்த ஒரு விரல் கட்டைச் சரி செய்தாள்.

"மேனேஜர்கிட்ட என்னம்மா சொல்றது?"

"இன்ஜினை நானே பிரிச்சு நானே சேத்தேன்னு சொல்லுங்க. உங்களால முடியுமான்னு கேளுங்க. அந்த டைப்பிஸ்ட் முன்னாடியே கேளுங்க."

சர்வேயர் நிமிர்ந்தார். இது நன்றாக இருந்தது. உண்மையும்கூட. நெஞ்சு நிமிர்ந்ததும் அடுத்த முடிவும் தயாராகிவிட்டது.

"சரி! ஆயிரம் கிலோமீட்டர்தானே? ஒரே மாசத்துல முடிக்கிறேன். அடுத்த பந்தயத்துல பாத்துக்கறேன் அவரை. மெதுவா, அம்பதுலயே, எங்கயாவது சும்மா சுத்திட்டு வரணும். எங்க போறதுன்னுதான் தெரியல."

"அதை நான் எண்ணி வெச்சுட்டேன்" என்றாள் மனைவி. "எங்க அம்மா வீட்டுக்குப் போக வர நூத்திருபது கிலோமீட்டர். எட்டு ஞாயித்துக்கிழமை. மிச்சம் இருக்கற நாப்பதுக்குச் சித்தி வீடு இருக்கு."