‘நானே பாத்துக்கிறேன்’காரரும் கார் ஷெட் கதவும்

மனித குலத்தில் ‘நானே பாத்துக்கிறேன்’ என்று ஓர் இனம் உண்டு. தெருவுக்கு ஒருவராவது இருப்பார். பார்த்தவுடன் அடையாளம் தெரியாது. நம்மைப் போலவே சட்டை போட்டுக்கொண்டு, நம்மைப் போலவே அலுத்துக்கொண்டு வேலைக்குப் போய் வருவார். வீட்டில் ஏதாவது ஒன்று ஓடாமல் நிற்க வேண்டும், அப்போது பாருங்கள். அதுவரை சோபாவில் சாய்ந்தபடி தண்ணீருக்குக்கூட மனைவியைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தவர், துள்ளி எழுந்து, பேன்ட்டை முழங்கால்வரை மடித்துவிட்டு, “ஆளெல்லாம் வேண்டாம், நானே பாத்துக்கிறேன்” என்பார். அந்த நிமிஷம் அவர் முகத்தில் தெரிகிற சந்தோஷத்தை அவருடைய கல்யாண ஆல்பத்தில்கூட நான் பார்த்ததில்லை.

என் பக்கத்து வீட்டுக்காரர் இந்த இனத்தில் முழு வளர்ச்சி அடைந்தவர். காப்பீட்டு அலுவலகத்தில் வேலை. ஆனால் அவர் மனசு முழுக்க ஸ்பேனரில்தான். அவர் கைபட்ட சமையலறைக் குழாயைத் திறக்கிற பக்கம் திருப்பினால் மூடும். மூடுகிற பக்கம் திருப்பினால் முகத்தில் அடிக்கும். வருகிற விருந்தாளிகளிடம் அண்ணி, அதாவது அவர் மனைவி, முதலிலேயே சொல்லிவைத்துவிடுவார். அழைப்பு மணியையும் அவர் ஒருமுறை சரிசெய்தார். அன்றிலிருந்து எல்லோரும் கதவைத் தட்டித்தான் கூப்பிடுகிறோம்.

அந்தத் திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு அவர் வீட்டுக் கார் ஷெட்டின் கதவு திறக்கவில்லை. ரிமோட்டை அழுத்தினால் மோட்டார் இழுக்க, கதவு தானாக மேலே ஏறிக் கூரையோடு படுத்துக்கொள்ள வேண்டும். அன்றைக்கு மோட்டார் உறுமியது, கதவு ஒரு நூலளவு எழுந்தது, அப்படியே மறுபடி உட்கார்ந்துவிட்டது. கார் உள்ளே. ஒன்பதரை மணிக்கு அவர் மகளுக்கு ஓட்டுநர் தேர்வு. அந்தத் தேதி கிடைக்கவே மூன்று மாதம் ஆகியிருந்தது. அந்தப் பெண் பிசியோதெரபி படித்தவள். நோயாளிகளின் வீடுகளுக்குக் காரில் போய்ச் சிகிச்சை கொடுக்கிற வேலை கிடைத்திருந்தது. லைசென்ஸ் இல்லையென்றால் ஒன்றாம் தேதி சேர முடியாது. போன தடவை அவள் தேர்வில் தோற்றதற்கு, முந்தின நாள் முழுக்க அப்பா சொல்லிக்கொடுத்த பதினான்கு யோசனைகள் காரணம் என்று அண்ணி சொல்வதுண்டு.

“தம்பி, ஒரு நிமிஷம் வந்து டார்ச்சைப் பிடிங்க” என்று மதிலுக்கு மேலே ஒரு தலை தெரிந்தது.

இந்த இனத்துக்கு மிகவும் தேவையான கருவி எது என்று நினைக்கிறீர்கள்? ஸ்பேனரா? ஸ்க்ரூடிரைவரா? இல்லை. டார்ச் பிடிக்க ஓர் ஆள். வேலை நடந்தால் பெருமை அவருக்கு, நடக்காவிட்டால் குற்றம் வெளிச்சத்துக்கு. “என் கைமேல அடிக்கச் சொன்னா கண்ணுல அடிக்கிறீங்களே” என்று, சமையலறை வழியாக ஷெட்டுக்குள் நான் போன இரண்டாவது நிமிஷமே வாங்கிக்கட்டிக்கொண்டேன்.

பழுது பார்ப்பதில் முதல் படி, குற்றவாளியைக் கண்டுபிடிப்பது.

“கடைசியா யாரு இதைத் திறந்தது?”

“நீங்கதான்” என்றார் அண்ணி, சமையலறை வாசலில் நின்றபடி.

“அது சரி. அதுக்கு முன்னாடி?”

“அதுவும் நீங்கதான்.”

இரண்டாவது படி, நோயைச் சொல்வது. ரிமோட்டின் பேட்டரியைக் கழற்றிச் சட்டையில் தேய்த்துப் போட்டார். பிறகு கதவில் காதை வைத்துக் கேட்டுவிட்டு “மோட்டார் போச்சு” என்றார். மோட்டாரின் மூடியைத் திறந்து பதினோரு திருகாணிகளை என் உள்ளங்கையில் கொட்டிவிட்டு, உள்ளே பார்த்து, “மோட்டார் நல்லா இருக்கு, போர்டு போச்சு” என்றார். அவசரத்துக்கு இழுக்கிற சிவப்புக் கயிற்றை இழுத்து மோட்டாரின் பிடியை விடுவித்து, அவரும் நானும் மூச்சு முட்டக் கதவைத் தூக்கிப் பார்த்தோம். அசையவில்லை. “இது ஸ்பிரிங்” என்றார். கவனித்துப் பாருங்கள், இந்த இனத்தவர் எதை வேண்டுமானாலும் சொல்வார்கள், ‘தெரியல’ என்று மட்டும் சொல்ல மாட்டார்கள்.

“அந்த மோட்டார் வந்த அட்டைப்பெட்டிக்குள்ள ஒரு புக் இருக்குமே, எடுத்துப் பாருங்களேன்” என்றார் அண்ணி. பெட்டி கதவின் இடது மூலையில் சாய்ந்துதான் இருந்தது. குனிந்தால் எடுத்துவிடலாம்.

“அது ஒண்ணும் தெரியாதவங்களுக்குப் போடுற புக்” என்று சொல்லிவிட்டு அவர் ஏணி எடுக்கப் போனார். அண்ணி உள்ளே போனார்.

மணி எட்டு ஐம்பது. மகள் கையில் ஃபைலோடு வந்து நின்றாள்.

“அஞ்சே நிமிஷம் பொறும்மா, திறந்துடுவேன்.”

“அஞ்சு நிமிஷம் அஞ்சு நிமிஷம்னு அம்பது நிமிஷம் ஆச்சுப்பா.” என் பக்கம் திரும்பி, “மாமா, உங்க கார் வெளியிலதானே நிக்குது?” என்றாள்.

என் கார் எப்போதும் வெளியில்தான் நிற்கும். சாவியைக் கொடுத்தேன். அண்ணி, தன் லைசென்ஸைக் கைப்பையில் போட்டுக்கொண்டு அவளோடு ஏறினார். கார் தெருமுனை திரும்பும்வரை பக்கத்து வீட்டுக்காரர் ஏணியின் நாலாவது படியில் நின்று, ஷெட்டின் சின்ன ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தார். அதுவரை உள்ளுக்குள் சிரித்துக்கொண்டிருந்த எனக்கு அப்போது பாவமாகத்தான் இருந்தது. மகளுக்காகத் திறக்க வேண்டிய ஒரே ஒரு கதவு, அதையும் திறக்க முடியவில்லை என்றால் எந்த அப்பாவுக்கும் வலிக்கத்தான் செய்யும்.

பத்து மணிக்கு ஒரு மெக்கானிக் வந்து நின்றார். எட்டு மணி பத்து நிமிஷத்துக்கே சமையலறையிலிருந்து ஓர் அழைப்பு போயிருக்கிறது. அண்ணி இருபத்தைந்து வருஷமாக இந்த இனத்தோடு குடித்தனம் நடத்துகிறவர் அல்லவா?

“எங்கெங்க கை வச்சீங்க சார்?” என்றார் மெக்கானிக், டாக்டரின் நிதானத்தோடு.

பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். பட்டியல் நீண்டது.

“ஸ்பிரிங்ல கை வைக்கலையே? அது தெறிச்சா ஆளையே அடிச்சிடும்.”

“அதுக்குத்தான் ஏணியில நிக்கிறேன்.”

“மொதல்ல இறங்குங்க சார்.”

மெக்கானிக் ஸ்பிரிங்கைப் பார்க்கவில்லை, மோட்டாரைப் பார்க்கவில்லை. கதவின் அடிப்பக்கம் கண்ணை ஓட்டிக்கொண்டே போய், இடது மூலையில் இருந்த அட்டைப்பெட்டியைக் காலால் நகர்த்தினார். பின்னால் பளபளவென்று ஒரு புதுத் தாழ்ப்பாள். போட்டே இருந்தது.

“இது யாரு வச்சது?”

நான் டார்ச்சை அணைத்தேன். சனிக்கிழமை, பக்கத்துத் தெருவில் திருடன் வந்தான் என்று கேள்விப்பட்டு, ‘மோட்டாரை நம்பித் தூங்க முடியுமா’ என்று கடைக்குப் போய் வாங்கிவந்து, தானே துளை போட்டு, தானே மாட்டி, தானே பூட்டி, திருடன் கண்ணுக்குத் தெரியக்கூடாது என்று பெட்டியையும் சாய்த்துவைத்தவர் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை காரை யாரும் எடுக்கவில்லை. திருடனுக்கு வைத்த ரகசியம் ஒரே நாளில் அவருக்கே மறந்துவிட்டது.

மெக்கானிக் தாழ்ப்பாளைத் தள்ளிவிட்டு, கதவை ஒரு கையால் தூக்கினார். சத்தமில்லாமல் மேலே போய்விட்டது.

மனிதர் தலையைக் குனிவார் என்றுதான் நான் நினைத்தேன். அவர் தாழ்ப்பாளைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “எப்படிப் பிடிச்சிருக்கு பாத்தீங்களா? மோட்டாராலயே அசைக்க முடியல.”

கழற்றிப்போட்ட மோட்டாரை மெக்கானிக் பொருத்தி முடிக்கவும் மகள் திரும்பி வரவும் சரியாக இருந்தது. தேர்வில் பாஸ். காரை நிறுத்திவிட்டு ஓடிவந்து அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவர் கண் கலங்கியது நிஜம். அடுத்த நிமிஷமே, “பழகாத காரை ஓட்டினாத்தாம்மா பயம் தெளியும். காலையில இந்தக் கதவு திறந்திருந்தா இது நடந்திருக்குமா?” என்று கேட்டதும் நிஜம்.

அவள் சாவியை என்னிடம் நீட்டினாள். “ஆமா, நீங்க ஏன் மாமா, உங்க காரை எப்பவும் தெருவுலயே நிறுத்துறீங்க?”

பையை மூடிக்கொண்டிருந்த மெக்கானிக் நிமிர்ந்து, மதிலுக்கு அப்பால் இருக்கிற என் ஷெட்டைப் பார்த்தார். “அந்தக் கதவையும் பாத்துட்டுப் போகவா சார்?”

“அதெல்லாம் வேண்டாம்ங்க” என்றேன் அவசரமாக. “சின்ன விஷயம்தான். நாலு மாசமா கொஞ்சம் கொஞ்சமா நானே பாத்துக்கிட்டிருக்கேன்.”

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் உங்கள் வீட்டில் சொட்டுகிற குழாய்க்கு அடியில் ஒரு வாளி இருக்கிறதே, ‘யாரும் தொடாதீங்க’ என்று நீங்கள் சொல்லி எத்தனை மாதம் ஆகிறது? எதிலிருந்து கழன்றன என்றே தெரியாமல் ஒரு டப்பா நிறையத் திருகாணி வைத்திருக்கிறீர்களே, அது? நான் அந்த இனமே இல்லை என்கிறீர்களா? என்னிடம் சொல்ல வேண்டாம். உங்கள் வீட்டில் டார்ச் பிடிக்கிறவரைக் கேட்டுப்பாருங்கள்.