மூஞ்சி பார்த்து ஒயின் விற்றவர்

புதுச்சேரியில் சரக்கு வாங்க வந்தவரை, "உனக்குப் புடிக்கல, போ" என்று திருப்பி அனுப்பிய ஒரே மனிதர் எங்கள் திராட்சைக்காரர்தான். கரிக்கலாம்பாக்கத்தில் எல்லோரும் நெல்லும் கரும்பும் போட, மனிதர் முக்கால் ஏக்கரில் பந்தல் கட்டித் திராட்சை ஏற்றி, முறையாக லைசென்ஸ் வாங்கி ஒயின் போட்டார். அதுவும் கடையில் கிடைக்கிற திராட்சை ஆகாது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்துப் பென்ஷன் வாங்கும் ஒரு சொல்தா வீட்டுக் கொல்லையிலிருந்து ஒரு கொடி, செல்லிப்பட்டு ஆற்றோரப் புதரிலிருந்து ஒரு காட்டுக் கொடி. என்ன ரகம் என்று கேட்டால், "பேரா முக்கியம்? குடிச்சுப் பாரு" என்பார்.

குடித்துப் பார்ப்பது லேசில்லை. பக்கத்து வீட்டுக்காரன் என்பதால் சோதனை எலி நான். காபி குடித்திருந்தால் நாலு தரம் வாய் கொப்பளிக்க வேண்டும். பிறகு ஒரே ஒரு மடக்கு. "பிரமாதம்ணே" என்று ஆரம்பித்தால் போச்சு.

"வாயை மூடுபா. வாய் இன்னா வோணா சொல்லும். நான் மூஞ்சிய பாக்கணும்."

குனிந்து என் புருவத்தையே பார்ப்பார். காட்டுத் திராட்சை ஒயினைக் குடித்த அன்று என் மூஞ்சி போன போக்கைப் பார்த்து, அவர் மனைவி மோரோடு ஓடிவந்தார். "அய்யய்யோ, அந்தப் புள்ளைக்கு இன்னாத்தக் குடுத்த?"

இந்த லட்சணத்தில் ஒயின் எங்கே விற்கும்? நிலத்தில் பாதி தம்பி பேரில். "இந்த வருஷமும் போணி ஆவலன்னா பந்தலைப் பிரிச்சிடு, பிளாட் போட்டுடலாம்" என்று தம்பி கறாராகச் சொல்ல, இவரும் தலையாட்டிவிட்டார். அதன்பிறகு மனிதருக்குச் சோறு இறங்கவில்லை.

பொறுக்காமல் நானே டவுனிலிருந்து ஓர் ஓட்டல் மேனேஜரை அழைத்து வந்தேன். அவருக்கு மூஞ்சியே கிடையாது. கழுத்துக்கு மேல் சுவர். சொல்தா வீட்டுத் திராட்சை ஒயினைக் குடித்துவிட்டு, "குட். மொத்தமா எடுத்துக்கிறேன்" என்றார். எனக்கு உயிர் வந்தது.

"குடுக்க முடியாது சார்" என்றார் திராட்சைக்காரர். "உங்க மூஞ்சி அசையவே இல்ல. புடிக்காத சரக்கை உங்க தலையில கட்ட மாட்டேன்."

"அண்ணே, உனக்கு இன்னா பைத்தியமா? பந்தல் போயிடும்ணே!"

"போனா போவுது."

மேனேஜர் கார் சாவியை எடுத்துவிட்டார். நான் பதறிப்போய், கைக்குக் கிடைத்த பாட்டிலிலிருந்து ஊற்றி நீட்டினேன். அவர் வாயில் வைத்த பிறகுதான் கவனித்தேன், அது அந்தக் காட்டுத் திராட்சை. ஒரு கண் மூடியது. காது சிவந்தது. கன்னம் இரண்டும் உள்ளே போயின. தொலைந்தோம் என்று நினைத்தேன்.

அவர் கிளாஸை நீட்டி, "இன்னும் கொஞ்சம்" என்றார்.

"இதான் சார் மூஞ்சி!" என்று குதித்தார் திராட்சைக்காரர்.

அந்த ஒயின் அத்தனையும் தனக்கே வேண்டும், அடுத்த வருஷத்துக்கும் வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார் மேனேஜர். தம்பிக்குப் போன் போட்டு, "பந்தலைப் பிரிக்கலடா" என்று சொல்லி முடித்ததும், திராட்சைக்காரர் பந்தல் காலைக் கட்டிக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார். "அழாதண்ணே" என்று அதட்டினேன். இந்தக் கிறுக்கு மனுஷன் நூறு வருஷம் என் பக்கத்து வீட்டிலேயே இருக்கணும் சாமி என்று வேண்டிக்கொண்டேன்.