ஐந்தாம் கவுண்டரின் உதட்டோரம்

சியோல் நகரத்து வட்டார அலுவலகம் ஒன்றில், ஐந்தாம் கவுண்டரில், மரணப் பதிவு எழுத்தராக இருபத்தாறு ஆண்டுகள் உட்கார்ந்திருந்தவர் பியோ தொக்சு. அவருடைய உதட்டோரங்கள் இரண்டும் பிறவியிலேயே கீழ்நோக்கித் தொங்கியவை. வேறு எந்த உத்தியோகத்துக்கும் உதவாத அந்த வாய், இந்த உத்தியோகத்துக்கென்றே அளவெடுத்துத் தைத்தது போலிருந்தது. புருஷனைப் பறிகொடுத்த ஒரு அம்மாள், "என் மூத்த பிள்ளைகூட இவ்வளவு வருத்தப்படலைப்பா" என்று ஒரு பை பேரிக்காயை மேஜைமேல் வைத்தாள். அன்பளிப்புத் தடைச் சட்டப்படி அதைத் திருப்பிக் கொடுத்தபோதும் அவர் வாய் தொங்கியே இருந்ததால், அவள் இன்னும் உருகிப்போனாள்.

இப்படி மரணங்கள் நிம்மதியாக நடந்துகொண்டிருந்த வேளையில்தான் 'முகமலர்ச்சி மேம்பாட்டு ஆண்டு' அறிவிக்கப்பட்டது. மேலிடத்துச் சோதனையாளர் ஒருவர், தாயை இழந்தவராக வேடமிட்டு, கைக்குட்டையோடு வந்து பத்து நிமிடம் அழுதார். பியோவும் கூடவே கண்கலங்கினார். அறிக்கை வந்தது: புன்னகை, பூஜ்யம்.

பிரிவுத் தலைவர் தோ என்பவர் கூப்பிட்டனுப்பினார்.

"என்னய்யா பியோ, ஒரு மார்க்காவது வாங்கக் கூடாதா?"

"சார், அம்மா செத்துட்டாங்கன்னு சொல்லி வந்தாரு."

"அவர் அம்மா பொய்யாத்தானே செத்தாங்க? நீ நெசமாச் சிரிச்சிருக்கலாமே!"

"வாய் அமைப்பே அப்படி சார்."

"அமைப்பை மாத்துற காலமய்யா இது! எதிர்த்த தெருவுல மாடிக்கு மாடி கிளினிக்கு. ஆனா நான் கட்டாயப்படுத்தல. அலுவலகம் யாரையும் கத்திக்குக் கீழ படுக்கச் சொல்லாது. நீயா விரும்பணும்."

"விரும்பலைன்னா?"

"விரும்பாததுக்கு விளக்கம், மூணு பிரதி. அப்புறம் குப்பைப் பிரிவு. தரம் பிரிக்காம போட்ட பையைக் கிளறி, யார் வீட்டுதுன்னு கண்டுபிடிக்கணும். அங்க யாரும் உன் மூஞ்சியைப் பார்க்க மாட்டாங்க."

பியோவுக்கு அந்தக் கவுண்டரை விட்டால் வேறு உலகம் தெரியாது. வாயைக் கொடுத்துக் கவுண்டரைக் காப்பதா, கவுண்டரைக் கொடுத்து வாயைக் காப்பதா என்று மூன்று நாள் யோசித்தார். நான்காம் நாள், கிம்ச்சிக் குழம்பை ஊற்றியபடியே மனைவி கும்சுக் வழக்கைத் தீர்த்து வைத்தாள்.

"செஞ்சுக்கோங்க. முப்பது வருஷமா, என்ன கோபமோன்னு பயந்து பயந்துதான் சோறு போடறேன்."

"நான் கோபப்பட்டதே இல்லையே!"

"அது உங்க வாய்க்குத் தெரியணுமே!"

கிளினிக்கில் ஆலோசனை சொல்லும் பெண், வயதில் மூத்த வாடிக்கையாளர் எல்லோரையும் 'அப்பா' என்றே அழைத்துத் தேனாய்ப் பேசினாள். "அப்பா, ரெண்டு ஓரத்துலயும் அரிசி அளவு தோல் எடுத்தாப் போதும். வாழ்நாள் முழுக்கச் சிரிப்புதான்."

"துக்க வீட்டுக்குப் போனா?"

அவள் விலைப்பட்டியலைக் கடைசிப் பக்கம்வரை புரட்டினாள். "துக்கத்துக்கு எங்ககிட்ட ஒண்ணும் இல்லப்பா. இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல."

கையெழுத்துப் போட்டார்.

தையல் பிரித்துத் திரும்பிய அன்று, மனைவியை இழந்த மீன் வியாபாரி ஒருவர் வந்தார்.

"என்னய்யா இளிப்பு? என் பொண்டாட்டி செத்தது உனக்கு வேடிக்கையா?"

"ஐயா, நான் ரொம்ப வருத்தத்துல இருக்கேன்."

"வருத்தத்துல இருக்கிறவன் மூஞ்சியா இது?"

கெஞ்சக் கெஞ்சப் புன்னகை விரிந்தது. ஒரே மாதத்தில் நாற்பத்தொரு புகார்கள். அதே மாதச் சோதனையில் புன்னகைக்குப் பத்துக்குப் பத்து. அலுவலகம் நடுநிலை தவறாதது. ஒரே உறையில் பாராட்டுப் பத்திரமும் விளக்கம் கேட்கும் கடிதமும் வைத்து அனுப்பியது. கூடவே கவுண்டருக்கு மேல் ஒரு பலகை: 'இவ்வூழியரின் புன்னகை நிர்வாகக் காரணங்களுக்கானது. உள்ளுக்குள் அவர் ஆழ்ந்த துயரத்தில் உள்ளார் என்பதை இவ்வலுவலகம் உறுதி செய்கிறது.' எழுத்து பொடியாக இருக்கிறது என்று மேலும் ஆறு புகார்கள் வந்தன.

கடைசியில் கமிட்டி கூடி, அவரைப் பிறப்புப் பதிவு கவுண்டருக்கு மாற்றியது. அங்கே சிரிப்பதை யாரும் ஆட்சேபிக்கவில்லை. ஆட்சேபிக்க யாரும் வரவில்லை. நம் ஊரில் பிள்ளை பெறும் வழக்கம்தான் எப்போதோ ஒழிந்துவிட்டதே! ஐந்தாம் கவுண்டர் வரிசை வாசல் தாண்டி நின்றது. பியோ காலி நாற்காலியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

எட்டாவது வாரம் ஒரு தம்பதி குழந்தையோடு வந்தார்கள். பியோ எட்டிப் பார்த்தார். குழந்தையின் உதட்டோரங்கள் இரண்டும் கீழ்நோக்கித் தொங்கின. அச்சு அசல் அவருடைய பழைய வாய். பொலபொலவென்று கண்ணீர் கொட்டிவிட்டது.

"பாருங்களேன், ஆனந்தக் கண்ணீர்!" என்றாள் தாய்.

தகப்பன் குரலைத் தாழ்த்தினான். "சார், தப்பா நினைக்காதீங்க. உங்க வாயை எங்க செஞ்சீங்க? இவனுக்கு எத்தனை வயசுல செய்யலாம்?"

"வேண்டாம்!" என்று பியோ கதறினார். "இந்த வாயை அப்படியே விட்டுடுங்க! யாராவது செத்தா நாலு பேருக்கு ஆறுதலா இருக்கும்!"

இருவரும் அவர் முகத்தையே உற்றுப் பார்த்தார்கள்.

"கத்தும்போதுகூட எவ்வளவு களையா இருக்கு!" என்றாள் தாய். "அதே டாக்டர்கிட்டயேதான் செய்யணுங்க."

கருத்துச் சீட்டில் முழு மதிப்பெண் போட்டார்கள். குழந்தை வீறிட்டது. அந்த அலுவலகத்தில், அழும்போது அழுவதுபோல் தெரிந்த முகம் அது ஒன்றுதான். பிரிவுத் தலைவர் தோ ஓடி வந்தார்.

"அம்மா, குழந்தையைக் கொஞ்சம் வெளிய தூக்கிட்டுப் போங்க. இன்னிக்குச் சோதனை நாள்" என்றார், தையல் இன்னும் பிரிக்காத புன்னகையோடு.